வண்டிப் பாலிசி வக்கீல் பீஸையும் தருமா? (ஏற்காடு மலைப்பாதை விபத்து)

காபித்தோட்டம் (ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக் கொடி. சரக்கு இறக்க ஒரு பிக்கப் வைத்திருக்கிறோம். போன மாதம் மிளகு மூட்டையோடு சேலம் இறங்கும்போது, அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், ஏறி வந்த பைக்கில் எங்கள் வண்டி இடித்துவிட்டது. பைக்கில் வந்த தம்பிக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஓட்டியது எங்கள் டிரைவர். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். அன்றைக்கு வளைவை அகலமாக எடுத்தது எங்கள் வண்டிதான், அதை மறைக்க விரும்பவில்லை.

டிரைவர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கிரிமினல் கேஸ் நடத்த வக்கீல் இருபதாயிரம் முன்பணம் கேட்கிறார். அந்தப் பையன் வீட்டில் நஷ்டஈட்டு வழக்கும் போடுவார்கள், போடவும் வேண்டும். பாலிசி எடுத்தபோது ஏஜென்ட், 'பேக்கேஜ் பாலிசிங்க, சட்டச் செலவு உட்பட எல்லாமே கவர்' என்று சொன்னார். இந்த இருபதாயிரம் அதில் வருமா? இன்னொருவர், வருடத்துக்குச் சில ஆயிரம் கட்டினால் வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு திட்டம் இருக்கிறது, இப்போதே சேருங்கள் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாலிசி (சேலம்)

தம்பி, முதலில் பணம் எதையும் கட்டாதீர்கள். பொது இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளைம் மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். இதே கேள்வியோடு வந்தவர்களில் பாதிப்பேருக்கு, செலவு செய்துவிட்ட பிறகுதான் பதில் கிடைத்தது.

ஏஜென்ட் முழுப் பொய் சொல்லவில்லை. பேக்கேஜ் பாலிசி என்றால் சொந்த வண்டியின் சேதத்தோடு அடுத்தவருக்கான நஷ்டஈடும் சேர்ந்தது. அதில் மூன்றாம் நபருக்கான பொறுப்பு என்று ஒரு பகுதி வரும். உங்கள் வண்டியால் அடிபட்டவருக்கு நீங்கள் சட்டப்படி தர வேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி தரும் என்று அதில் இருக்கும். உயிருக்கும் உடல் காயத்துக்கும் தொகை வரம்பு போடுவதில்லை, மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்டும். பொருள் சேதத்துக்கு வரம்பு உண்டு: உங்கள் மாதிரி வண்டிக்கு 7.5 லட்சம். பிரீமியம் குறைய வேண்டும் என்று சிலர் அதை வெறும் 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்வார்கள், பாலிசியோடு வரும் விவரப் பட்டியலில், அதாவது ஷெட்யூலில் பாருங்கள்.

அதை ஒட்டியே சட்டச் செலவைப் பற்றிய வாக்கியம் வரும். அதில் ஒரு சொற்றொடரைத் தேடுங்கள்: கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு செய்த செலவு. அந்தச் சம்மதம் இல்லாமல் நீங்களே வக்கீல் வைத்துப் பணம் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுபோனால், நிராகரிக்கக் கம்பெனிக்கு முழு உரிமை உண்டு. பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும்: விபத்து தொடர்பான வழக்கில் கம்பெனி தன் விருப்பப்படி உங்கள் தரப்பை எடுத்து நடத்தலாம் என்று. கிரிமினல் கோர்ட்டில் டிரைவருக்காக நிற்பதும் இந்த 'நடத்தலாம்' என்பதற்குள்தான் வரும். 'நடத்தும்' என்று எழுதவில்லை, அதை நம்பி இருக்க முடியாது.

தொகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாருக்காக, எந்த வழக்குக்கு, யார் சம்மதத்தோடு என்று கேட்பவர் குறைவு. உங்கள் பாலிசி எங்கே நிற்கும் என்பது இந்த மூன்றில்தான் தெரியும்.

காபித்தோட்டம் (ஏற்காடு)

நன்றிங்க ஐயா. நேற்று ராத்திரி பாலிசியை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடமாகப் புதுப்பித்துப் பீரோவில் பத்திரமாக வைப்பதோடு சரி, முதல் பக்கத்தைத் தாண்டிப் படித்ததே இல்லை. எழுத்து எள்ளு மாதிரி இருந்தது. என் மகனிடம், அதை மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கச் சொன்னேன். நீங்கள் சொன்ன வாக்கியம் அப்படியே இருக்கிறது. பொருள் சேதம் 7.5 லட்சம்தான், சுருக்கவில்லை.

ஆனால் கீழே ஒரு நிபந்தனையைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ, கொடுப்பதோ கூடாது என்று இருக்கிறது. நான் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையனின் அம்மா கையில் பத்தாயிரம் கொடுத்தேன். ஸ்டேஷனில் சிலர், 'முழுப் பொறுப்பும் எங்களுடையது, ஒரு லட்சம் தருகிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கை நடுங்கியதால் அப்புறம் போடுகிறேன் என்று வந்துவிட்டேன். கொடுத்த பத்தாயிரத்தால் க்ளைம் போய்விடுமா?

பழைய பாலிசி (சேலம்)

மனிதாபிமானத்தில் கொடுத்த பத்தாயிரத்தை வைத்து யாரும் உங்கள் பாலிசியை ரத்து செய்ய மாட்டார்கள். இவ்வளவு கொடுத்தேன், ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியாகக் கொடுத்தேன் என்று கம்பெனிக்கு நீங்களே எழுதிவிடுங்கள், ஒளிக்காதீர்கள். அந்த ஒரு லட்சம் சீட்டில் கையெழுத்துப் போடாதது நல்லது. எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி உங்களைத்தான் கட்டும், கம்பெனியைக் கட்டாது. இனிமேலும் போடாதீர்கள். போய்ப் பாருங்கள், சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், ரத்தம் வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள். எழுத்து மட்டும் வேண்டாம்.

விபத்து நடந்ததைக் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும் என்று 2022-இல் விதி வந்துவிட்டது. அதை நம்பி நீங்கள் சும்மா இருக்கக் கூடாது.

கோர்ட் வாசல்

சேலம் கோர்ட்டில் மோட்டார் வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் வண்டி உரிமையாளர்கள் ஏமாறும் இடம் இது.

அந்தப் பையன் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து நஷ்டஈட்டு மனு போடுவான். முதல் எதிர்மனுதாரர் நீங்கள், அடுத்தவர் இன்சூரன்ஸ் கம்பெனி. உங்களுக்குச் சம்மன் வரும். 'கம்பெனிதான் கட்டப்போகிறது, அவர்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்' என்று நீங்கள் போகாமல் விட்டால், எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவீர்கள், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடந்துவிடும். பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் விடுகிறார்கள் என்பது கோர்ட்டில் நான் தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்வது.

கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். பையன் கேட்கும் தொகையைக் குறைக்க வாதாடும்போது உங்களுக்கும் அவருக்கும் ஒரே நோக்கம், சரி. ஆனால் டிரைவருக்கு லைசென்ஸ் செல்லாது, வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. முடிந்துவிட்டது, பெர்மிட் இல்லை என்று அவர் எடுக்கும் நிமிடத்திலிருந்து அவர் உங்களுக்கு எதிர்க்கட்சி. அதை மறுக்க வேண்டிய நீங்கள் கோர்ட்டிலேயே இல்லை. தீர்ப்பாயம் என்ன சொல்லும்? 'அடிபட்டவருக்குக் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளட்டும்.' பே அண்ட் ரெக்கவர் என்று நாங்கள் சொல்வது இதுதான். சில வருடம் கழித்து அந்தப் பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு வந்து கதவைத் தட்டும்போதுதான் ஆள் என்னிடம் ஓடி வருவார். தோட்டத்தை விற்றுக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் எம்.சி.ஓ.பி.யில் உங்களுக்கென்று ஒரு வக்கீல் வைத்து வக்காலத்து போடுங்கள். பெரிய செலவு இல்லை. ஆர்.சி., பாலிசி, எஃப்.சி., பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் எல்லாவற்றையும் தாக்கல் செய்தால் போதும். டிரைவரிடம் எந்த லைசென்ஸ் இருக்கிறது?

காபித்தோட்டம் (ஏற்காடு)

இலகு ரக வாகன லைசென்ஸ்தான் இருக்கிறது, சரக்கு வண்டிக்கான தனி எழுத்து அதில் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மற்றபடி எஃப்.சி., பெர்மிட் எல்லாம் நடப்பில் இருக்கிறது.

கோர்ட் வாசல்

அப்படியானால் தைரியமாக இருங்கள். 2024 நவம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை. உங்கள் பிக்கப் அதில் பாதிகூட வராது. ஆனால் இதையும் யாராவது கோர்ட்டில் சொல்ல வேண்டும் அல்லவா? எக்ஸ்பார்ட்டி ஆனால் உங்களுக்காக யார் சொல்வது?

கிரிமினல் கேஸ் வேறு பாதை. பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகளில் வரும். அதில் தண்டனையும் அபராதமும் டிரைவருக்கு. அபராதத்தை எந்த இன்சூரன்ஸும் கட்டாது, கட்டவும் கூடாது. வக்கீல் பீஸை, கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், நீங்களோ டிரைவரோதான் பார்க்க வேண்டும். டிரைவர் தொழிலாளி என்பதால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்டுப் பார்க்கலாம்.

அம்மாபேட்டை அக்கா

நான் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் வீட்டுக்காரர் தறி ஓட்டுபவர். நாலு வருடம் முன்னால் சைக்கிளில் வரும்போது ஒரு வேன் இடித்து இடுப்பெலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் வந்து, 'ஒரு பைசா வேண்டாம்மா, வருகிறதில் பங்கு கொடுத்தால் போதும்' என்று நாலைந்து வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் அன்றைக்கு யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஒரு வருடம் கேஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அப்புறம் தறிக்கூடத்துப் பெண் ஒருத்தி சொல்லித்தான் கோர்ட் வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே கேட்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறதாம். தலித், பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளி, குழந்தைகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். போனில் கேட்க 15100. எங்கள் கேஸ் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. அங்கே கோர்ட் கட்டணம் இல்லை. ஆனால் ஒத்துக்கொண்டுவிட்டால் அப்பீல் கிடையாது. அதனால் அவசரப்பட்டு முதல் தொகைக்குத் தலையாட்டாதீர்கள் என்று எங்கள் வக்கீல் அம்மா சொன்னார். இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவைதான் சம்மதித்தேன்.

தோட்டக்கார அண்ணா, உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன் வீட்டாருக்கு இதெல்லாம் தெரியுமா? ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இடித்தவர் வாயால் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

ஐந்து ரோடு

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு நான் வருகிறேன், அந்த வருடாந்திரத் திட்டம். என்னிடம் அந்த மாதிரி ஒரு அட்டை இருந்தது. கிடைத்தது என்னவென்றால், போனில் வக்கீலிடம் ஆலோசனை, வருடத்துக்கு இத்தனை தடவை, ஒரு நோட்டீஸ் எழுதித் தருவது. கோர்ட்டில் வந்து நிற்பது அதில் இல்லை. அது இன்சூரன்ஸே இல்லை, சந்தா. அந்த வேறுபாட்டை முதலில் கேளுங்கள்.

வழக்குச் செலவுக்கென்றே உண்மையான இன்சூரன்ஸ் ஜெர்மனியில் பல வீடுகளில் இருக்கிறது. என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள், வாடகைத் தகராறு வரலாம் என்று ஒன்று எடுத்தாள். அவள் அனுப்பிய தாளை உட்கார்ந்து படித்தேன். சொந்த வாழ்க்கை, வேலை, போக்குவரத்து, வீடு என்று தனித்தனித் துண்டாக விற்கிறார்கள். வீடு என்ற துண்டு எடுக்காதவருக்கு வாடகை வழக்கில் ஒரு சென்ட் வராது. பல துண்டுகளுக்குச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்புக் காலம். சேர்வதற்கு முன்பே முளைத்த தகராறு எக்காலத்துக்கும் கிடையாது. ஒவ்வொரு வழக்கிலும் முதல் 150, 250 யூரோ மாதிரி ஒரு தொகையை நாமே போட வேண்டும். விவாகரத்துக்குப் பொதுவாக ஒரு ஆலோசனையோடு சரி. வீடு கட்டுவதில் வரும் வழக்கு பெரும்பாலும் வெளியே. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு இல்லை. அப்புறம் முக்கியமாக, வக்கீலிடம் போகும் முன் கம்பெனியிடம் ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும்.

பழைய பாலிசி ஐயா சொன்ன அதே எழுத்துபூர்வ சம்மதம்தான், ஊர் மட்டும் வேறு. உங்கள் விபத்து போன மாதமே நடந்துவிட்டது. இனி எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் இந்த வழக்குக்கு அது உதவாது. அதைச் சொல்லாமல் உங்களிடம் விற்க வருகிறார் என்றால் அவரை அனுப்பிவிடுங்கள்.

செம்மநத்தம்

மலைக்காரன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன் அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். காபி எடுப்பு நேரத்தில் அதே பிக்கப்பில் ஆள் ஏற்றுகிறோம். நீங்கள், நான், எல்லோரும். பதினைந்து பெண்கள், கையில் கூடை, பின்னால் நின்றுகொண்டு. வளைவில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு வண்டியில் மிளகு இருந்தது. அவர்கள் இருந்து, வண்டி கவிழ்ந்திருந்தால் பாலிசி என்ன சொல்லும்?

பழைய பாலிசி (சேலம்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

ஒன்றும் சொல்லாது, தம்பி. சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய பிரதிநிதி சரக்கோடு வந்தால் பாதுகாப்பு உண்டு. டிரைவர், கிளீனர், மூட்டை ஏற்றி இறக்கும் ஆள் ஆகியோருக்குத் தனிப் பிரீமியம் கட்டி, எத்தனை பேர் என்று ஷெட்யூலில் எழுதி வாங்க வேண்டும். அந்த எண்ணிக்கை மூன்று என்றால் மூன்றுதான். காபி எடுக்கப் போகும் பதினைந்து பேர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். அவர்களுக்கு நஷ்டஈடு என்று தீர்ப்பு வந்தால் அது உரிமையாளரின் தலையில்.

நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு கோப்பு வந்தது. நிராகரிப்புக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். சட்டப்படி சரியான கடிதம். இறந்த பெண்ணின் மகள் அதை வாங்கிக்கொண்டு, 'இதுல என்னங்க எழுதியிருக்கு?' என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. நான் இங்கே இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

கோர்ட் வாசல்

பைக்குக்கும் இதே கதை உண்டு. வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்கிற பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு, அந்தப் பைக்கின் பாலிசியில் பாதுகாப்பு இல்லை. பேக்கேஜ் பாலிசியில் உண்டு. ஓட்டும் சொந்தக்காரருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். மே மாதக் கோடை விழாவுக்கு மலை ஏறும் எத்தனை பைக்குகளில் இது இருக்கிறது என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

ஐந்து ரோடு

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் என்ன செய்வது, ஐயா?

பழைய பாலிசி (சேலம்)

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிக்கிறார்கள். கம்பெனியின் முடிவு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் ஒன்றாக நடத்த முடியாது.

காபித்தோட்டம் (ஏற்காடு)

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிக்கு இரண்டு கேள்வியாக எழுதினேன்: கிரிமினல் கேஸ் செலவுக்குச் சம்மதம் தருவீர்களா, எம்.சி.ஓ.பி. வந்தால் நடத்துவீர்களா. பதினோராம் நாள் பதில் வந்தது. எம்.சி.ஓ.பி.யை அவர்கள் நடத்துவார்கள். கிரிமினல் கேஸுக்குச் சம்மதம் இல்லை. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும், பணம் கட்டும் முன்பே தெரிந்துவிட்டது. டிரைவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்திருக்கிறார். மற்றச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், என் வண்டியை ஓட்டித்தானே அவருக்கு இந்த நிலை. எம்.சி.ஓ.பி.க்கு எனக்கென்று தனி வக்காலத்து போட ஆள் பார்த்துவிட்டேன்.

அம்மாபேட்டை அக்கா சொன்னபடி அந்தப் பையன் வீட்டுக்கும் போனேன். கால் மேலே கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், திண்ணையில் பலகை போட்டுப் படுத்திருந்தான். ஆறு மாதக் கணக்கையும் 15100-ஐயும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். அவன் அம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, 'உங்க மேலேயே கேஸ் போடச் சொல்லி எழுதிக் குடுக்கறீங்களே சாமி?' என்றார். ஆமாங்கம்மா, போட்டால்தான் கம்பெனி தரும் என்றேன். காபி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

செம்மநத்தம் தம்பி, ஷெட்யூலில் ஆள் எண்ணிக்கை பார்த்தேன். டிரைவரோடு சேர்த்து இரண்டு. இந்த எடுப்புக்குப் பெண்களை ஏற்றி இறக்க ஒரு வேனைக் கூலிக்குப் பேசியிருக்கிறேன், பயணிகளுக்கான பாலிசி இருக்கிறதா என்று தாளை வாங்கிப் படித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன். ஒரு நடைக்கு உங்கள் தோட்டத்து ஆட்களையும் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. செலவில் பாதி போடுகிறீர்களா? போன் பண்ணுங்கள்.